ஹவுஸ்ஃபுல் ஆனாலும் நஷ்டம்: ஆர்கெஸ்ட்ராக்களின் கணக்கும் கலைஞர்களின் வேலையும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சில் வந்த சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப் போறது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா பத்தி. இசையை எப்படி ரசிக்கிறதுங்கிறது இல்ல. ஒரு வேலையிடமா அது எப்படி நடக்குது? தொண்ணூறு பேருக்குச் சம்பளம் கொடுக்க உலகத்தோட பணக்கார நகரங்களே ஏன் திணறுது? அதை நம்பி ஒருத்தர் வாழ்க்கையை அமைச்சுக்கலாமா? இந்த மூணு கேள்விதான் இன்னைக்கு.

2025 மார்ச் 8ஆம் தேதி இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி லண்டன்ல அரங்கேறின பிறகு, நம்ம நிகழ்ச்சிக்கு ஒரே கேள்வி பல விதமா வந்தது. இப்படி வாசிக்க சென்னையில ஏன் ஒரு முழுநேர ஆர்கெஸ்ட்ரா இல்ல? இந்தியாவுலேயே அப்படிச் சொல்லிக்க ஒண்ணுதான் இருக்கு. 2006ல் மும்பை என்சிபிஏ ஆரம்பிச்ச சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. அதுலயும் பல நாற்காலிகள்ல வெளிநாட்டுக் கலைஞர்கள்தான் உட்கார்ந்திருக்காங்க. நமக்கு இசை ஆர்வம் குறைவுன்னு யாரும் சொல்ல முடியாது. காரணம் வேற. அதைப் புரிஞ்சுக்க, ஆர்கெஸ்ட்ரா நூறு வருஷத்துக்கு மேல வேரூன்றின இடங்களுக்கே போய்ப் பார்க்கணும். முக்கியமா அமெரிக்கா.

வேகப்படுத்த முடியாத வேலை

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். எங்க உலகத்துல எல்லாமே வருஷா வருஷம் மலிவாகும். முன்னாடி பத்து சர்வர் செஞ்ச வேலையை இப்ப ஒண்ணு செய்யும். ஒருத்தர் எழுதின கோடை ஒரு கோடிப் பேர் பயன்படுத்தலாம். ஒரு ஆளோட உழைப்புக்குக் கிடைக்கிற பலன் ஏறிக்கிட்டே போகும், அதனால சம்பளமும் ஏறும்.

இப்ப பீத்தோவனோட ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கோங்க. 1808ல் வியன்னாவில் முதல் முறை வாசிச்சாங்க. சுமார் அரை மணி நேரம், ஒரு மேடை நிறைய ஆட்கள். இன்னைக்கும் அதே அரை மணி நேரம், கிட்டத்தட்ட அதே அளவு ஆட்கள். பதினைந்து நிமிஷத்துல வாசிச்சு முடிச்சா அது திறமை இல்ல, கேலி. இரண்டாவது வயலின்காரர்கள்ல பாதியை வீட்டுக்கு அனுப்பினா அது சிக்கனம் இல்ல, வேற சத்தம்.

இதைப் பொருளாதாரமா எழுதி வச்சவங்க வில்லியம் பாமல், வில்லியம் போவன்னு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆட்கள் ரெண்டு பேர். 1966ல் நிகழ்கலைகளோட பொருளாதாரச் சிக்கல் பத்தி அவங்க எழுதின புத்தகம்தான் இந்தத் துறைக்கே அடிப்படை. அவங்க வாதம் எளிமையானது. தொழிற்சாலையில உற்பத்தித் திறன் ஏறுது, சம்பளம் ஏறுது. இசைக் கலைஞரோட உற்பத்தித் திறன் ஏறவே இல்ல. ஆனா அவரும் அதே ஊர்லதான் வாடகை கொடுக்கணும், அதே கடையிலதான் அரிசி வாங்கணும். அவர் சம்பளமும் மத்தவங்களோட சேர்ந்து ஏறலன்னா அவர் வேற வேலைக்குப் போயிடுவார். அதனால கச்சேரியோட செலவு, பொதுவான விலைவாசியைவிட வேகமா ஏறிக்கிட்டே இருக்கும். இதுக்கு 'பாமல் செலவு நோய்'னு பேர் வந்துடுச்சு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, முடிதிருத்தகம் எல்லாத்துலயும் இது உண்டு. ஆர்கெஸ்ட்ராவுல தப்பிக்க வழியே இல்லாத வடிவத்துல இருக்கு.

கர்நாடகக் கச்சேரியில மேடையில நாலஞ்சு பேர். அதனால இந்த நோய் நம்மகிட்ட இவ்வளவு பெருசாத் தெரியல. தொண்ணூறு பேரை வருஷம் முழுக்க சம்பளத்துல வச்சிருக்கிற அமைப்பு நம்ம இசை மரபுல உருவாகலை. சினிமா ஸ்டுடியோவுல பெரிய வயலின் குழுக்கள் இருந்தாங்க, ஆனா அது கால்ஷீட் கணக்குல நடந்த வேலை.

ஒரு வாரத்துக் கணக்கு

எண்ணா பார்த்தாதான் இது உறைக்கும். இது எந்த ஆர்கெஸ்ட்ராவோட நிஜக் கணக்கும் இல்ல, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள்.

90 கலைஞர்கள். ஒரு வாரத்துல நாலு ஒத்திகை, மூணு கச்சேரி. கலைஞர்கள் சம்பளம், நடத்துநர், சிறப்பு விருந்தாளியா வர்ற பியானோ கலைஞர், ஹால், அலுவலகம், விளம்பரம் எல்லாம் சேர்த்து வாரச் செலவு 3,50,000 டாலர்னு வச்சுக்குவோம். ஹால்ல 2,000 இருக்கை. சராசரி டிக்கெட் 60 டாலர். முக்கால்வாசி நிறையுது. மூணு கச்சேரிக்கு வரவு 2,70,000 டாலர். பள்ளம் 80,000.

"அப்ப ஹாலை நிரப்புங்கப்பா"ன்னு தோணும். மூணு நாளும் ஹவுஸ்ஃபுல்னா 3,60,000. செலவைவிட 10,000 அதிகம். பிரச்சனை தீர்ந்ததா?

இருபது வருஷம் தள்ளிப் பாருங்க. செலவு வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறுது. டிக்கெட் விலையை 2 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியல, ஏத்தினா ஆள் வரமாட்டாங்க. இப்ப செலவு சுமார் 7,67,000. ஹவுஸ்ஃபுல் வரவு சுமார் 5,35,000. ஒரு இருக்கைகூட காலி இல்லாம, கைதட்டல் வானத்தைப் பிளக்க, வாரத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல நஷ்டம்.

இந்தக் கணக்குல யாரும் திருடலை, யாரும் சோம்பேறி இல்ல, ரசனையும் செத்துப் போகலை. நிர்வாகம் மோசமா இருந்தா பள்ளம் சீக்கிரம் வரும், நல்லா இருந்தா மெதுவா வரும். ஆனா வரும். அதனால "ஆர்கெஸ்ட்ராவை எப்படி லாபமா நடத்துறது"ன்னு கேட்கிறதே வீண். கேட்க வேண்டியது ரெண்டுதான். பள்ளத்தை யார் நிரப்புறது? நிரப்புறவங்க பேச்சுக்கு எவ்வளவு இடம்?

மூணு பதில்கள்

முதல் பதில், அமெரிக்க வழி: நன்கொடை. அங்கே பெரும்பாலான ஆர்கெஸ்ட்ராக்களுக்கு டிக்கெட் வருமானம் செலவில் பாதியைக்கூட எட்டாது. மிச்சம் செல்வந்தர்கள், அறக்கட்டளைகள், அப்புறம் 'எண்டோமென்ட்'னு சொல்ற இருப்பு நிதி. கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கிற மாதிரிதான். முதலைத் தொடாம, அந்த நிதியோட மொத்த மதிப்புல வருஷத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவு பண்ணணும். பாமல் புத்தகம் வந்த அதே 1966ல், ஃபோர்டு அறக்கட்டளை 61 ஆர்கெஸ்ட்ராக்களுக்கு 8 கோடி டாலருக்கு மேல கொடுத்தது. பெரும்பகுதி இருப்பு நிதிக்காக. அந்த உந்துதல்ல கச்சேரி சீசன்கள் நீண்டன, வருஷம் முழுக்கச் சம்பளம்ங்கிற நிலை பரவினது. இசைக் கலைஞர்கள் நடுத்தர வர்க்கமா ஆனாங்க. நல்ல விஷயம்தான். ஆனா செலவும் அதோட நிரந்தரமா ஏறினது.

இரண்டாவது பதில், ஜெர்மன் வழி: அரசு. நகராட்சியும் மாநிலமும் ஆர்கெஸ்ட்ராவை நூலகம் மாதிரி ஒரு பொதுச் சேவையாப் பார்க்குது. சின்ன ஊர்லகூட சம்பளத்தோட கலைஞர்கள். உலகத்துலேயே இது ரொம்பப் பாதுகாப்பான ஏற்பாடு. அங்கேயும் பள்ளம் இருக்கு. 1992ல் 168 ஆக இருந்த பொது நிதி ஆர்கெஸ்ட்ராக்கள் இப்ப சுமார் 130. பல இடத்துல மூடலை, இணைச்சாங்க. 2016ல் ஷ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவையும் பாடன்-பாடன், ஃப்ரைபர்க் ஆர்கெஸ்ட்ராவையும் ஒண்ணாக்கினது பெரிய சர்ச்சை ஆனது. பிரிட்டன்ல 2023 மார்ச்சில் பிபிசி தன்னோட பிபிசி சிங்கர்ஸ் பாடகர் குழுவை மூடறதாகவும், இங்கிலாந்து ஆர்கெஸ்ட்ராக்கள்ல ஐந்தில் ஒரு பங்கு வேலைகளைக் குறைக்கறதாகவும் அறிவிச்சது. எதிர்ப்பு கிளம்பி, சில வாரத்துல மூடல் முடிவை நிறுத்தி வச்சாங்க.

மூணாவது பதில்: கலைஞர்களே. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1904ல் உருவான கதையே சுவாரசியம். குவீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவுல ஹென்றி வுட், ஒத்திகைக்கு மாற்று ஆளை அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டார். அந்த மாற்று ஆள் ஏற்பாட்டை நம்பித்தான் பலருக்கு அன்னைக்கு ரெண்டு வருமானம். பிடிக்காதவங்க வெளியேறி, தாங்களே முதலாளிகளா ஒரு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் கலைஞர்கள்தான் பங்குதாரர்கள். ஆனா மாதச் சம்பளம் இல்ல, வாசிச்ச வேலைக்குத்தான் காசு. அரசு உதவி, நன்கொடை எல்லாம் உண்டு. அதுக்கு மேல சினிமா ஒலிப்பதிவு, வெளிநாட்டுப் பயணம்னு ஓடிக்கிட்டே இருக்காங்க. 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' பின்னணி இசை அவங்க வாசிச்சதுதான். சுதந்திரம் அவங்களோடது, பள்ளமும் அவங்களோடது.

கதவு பூட்டினப்போ

பள்ளம் பெருசாகி, யார் நிரப்புறதுன்னு ஒத்துக்க முடியாமப் போனா என்ன ஆகும்? நாலு ஊர் பார்க்கலாம்.

பிலடெல்பியா. 1900ல் தொடங்கின, அமெரிக்காவோட பெருமைகள்ல ஒண்ணான ஆர்கெஸ்ட்ரா. 2011 ஏப்ரல்ல திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த அளவு ஆர்கெஸ்ட்ரா ஒண்ணு அங்கே அப்படிப் போனது அதுதான் முதல் முறை. 2012ல் மீண்டு வந்தது. கலைஞர்களோட சம்பளமும் ஓய்வூதியமும் அதுக்கு விலை.

மினசோட்டா. 2012 அக்டோபர் 1ஆம் தேதி நிர்வாகம் கலைஞர்களை வேலைக்கு விடாமக் கதவைப் பூட்டினது. 30 சதவீதத்துக்கு மேல சம்பளக் குறைப்பை ஏத்துக்கணும்ங்கிறது கோரிக்கை. நிதிக்கணக்கைச் சுதந்திரமான ஆள் பார்க்கட்டும்னு கலைஞர்கள் கேட்டாங்க. இதுக்கு நடுவுலதான் சுமார் 5 கோடி டாலர்ல அந்த ஹாலைப் புதுப்பிச்சாங்க. வெளியிலிருந்து பார்த்தா அபத்தமாத் தெரியும். உள்ள இருக்கிற காரணத்தைக் கவனிக்கணும். கட்டடத்துக்குக் கொடுத்த நன்கொடையைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. தன் பேர் செதுக்கின முகப்புக்குக் காசு கொடுக்க ஆள் கிடைப்பாங்க. இரண்டாவது வயலின்காரரோட மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

பூட்டு பதினைந்து மாதம் நீடிச்சது. ஒரு வருஷம் ஆனதும் இசை இயக்குநர் ஓஸ்மோ வான்ஸ்கா ராஜினாமா செஞ்சார். கலைஞர்கள் தாங்களே கச்சேரி ஏற்பாடு பண்ணி நடத்தினாங்க. பலர் வேற ஊருக்குப் போயிட்டாங்க. 2014 ஜனவரியில் 15 சதவீதக் குறைப்போட உடன்பாடு வந்தது. அதே மாசம், பூட்டுக்கு முன்னாடி அவங்க பதிவு பண்ணின சிபேலியஸ் சிம்பொனிகளுக்கு கிராமி விருது கிடைச்சது. உலகத் தரத்துல வாசிச்சதுக்குப் பரிசு ஒரு கையில, குறைச்ச சம்பளம் இன்னொரு கையில.

சான் அன்டோனியோ. 1939ல் தொடங்கினது. 2021ல் நிர்வாகம் முழுநேரக் கலைஞர்களை 72ல் இருந்து 42 ஆகக் குறைக்கப் பார்த்தது. அவங்க அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 35,000 டாலர்தான், அமெரிக்கக் கணக்குல அது ரொம்பக் குறைவு. அதையும் 24,000 அளவுக்கு இறக்கணும்னாங்க. வேலைநிறுத்தம். 2022 ஜூன்ல நிர்வாகக் குழு ஆர்கெஸ்ட்ராவையே கலைச்சுட்டது. கலைஞர்கள் சேர்ந்து சான் அன்டோனியோ பில்ஹார்மோனிக்னு புதுசா ஆரம்பிச்சாங்க.

சான் பிரான்சிஸ்கோ. இது வேற மாதிரி. பணக்கார ஊர், 30 கோடி டாலருக்கு மேல இருப்பு நிதி. ஆனாலும் நிர்வாகக் குழு செலவைச் சுருக்க ஆரம்பிச்சது. இசை இயக்குநர் எசா-பெக்கா சலோனன், நிறுவனத்தோட எதிர்காலம் பத்தி நிர்வாகக் குழுவோட இலக்குகள் தன்னோடது இல்லைன்னு சொல்லி, ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போறதில்லைன்னு 2024 மார்ச்சில் அறிவிச்சார். அந்த செப்டம்பர்ல பாடகர் குழு வேலைநிறுத்தம் செய்ய, சீசன் ஆரம்பத்துக் கச்சேரிகள் ரத்தாச்சு. பணம் இருந்தாலும், அது எதுக்காகங்கிற கேள்வி தீரலைன்னா வண்டி ஓடாது.

மாத்திப் பார்த்தவங்க

இனி எதிர்காலம் பத்தி. மந்திரம் எதுவும் இல்ல. ஆனா சில ஊர்கள்ல நடந்தது கத்துக்க வேண்டியது.

டெட்ராய்ட். நகரமே தேய்ஞ்சுக்கிட்டிருந்த நேரத்துல, 2010 அக்டோபர்ல இருந்து ஆறு மாசம் வேலைநிறுத்தம். சம்பளம் இருபது சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. திரும்பி வந்த உடனே அவங்க செஞ்ச முதல் காரியங்கள்ல ஒண்ணு, கச்சேரிகளை இணையத்துல இலவசமா நேரலை விட்டது. இன்னொண்ணு, ஹாலை விட்டு வெளியே போனது. புறநகர்ல இருக்கிற தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளி அரங்குகள்ல குறைஞ்ச விலைக் கச்சேரித் தொடர். இதனால நேரடி வருமானம் பெருசா வந்துடலை. "இது நம்ம ஆர்கெஸ்ட்ரா"ன்னு நினைக்கிற ஆட்கள் கூடினாங்க. பள்ளத்தை நிரப்பப் போறது அந்த நினைப்புதான். கேட்டவங்கதான் நாளைக்குக் கொடுப்பாங்க.

நியூ ஆர்லியன்ஸ். பழைய ஆர்கெஸ்ட்ரா மூடினதும், 1991ல் கலைஞர்களே லூசியானா பில்ஹார்மோனிக்கைத் தொடங்கினாங்க. 2005ல் கத்ரினா புயல் அவங்க வாசிச்ச ஆர்ஃபியம் அரங்கை மூழ்கடிச்சது. அது திரும்பத் திறக்க 2015 ஆச்சு. இடைப்பட்ட பத்து வருஷம், கிடைச்ச அரங்குல, கிடைச்ச ஊர்ல வாசிச்சாங்க. சம்பளம் பெருசு இல்ல. ஆனா குறைக்கறதா வேண்டாமாங்கிற முடிவுல கலைஞர்களுக்கும் ஓட்டு இருந்தது. தான் கை தூக்கின குறைப்பை மனுஷன் தாங்கிக்குவான்.

பெர்லின் பில்ஹார்மோனிக் 2008 கடைசியில 'டிஜிட்டல் கான்சர்ட் ஹால்' ஆரம்பிச்சது. சந்தா கட்டி உலகத்துல எங்கிருந்தும் பார்க்கலாம். நல்ல வேலை. ஆனா இதைப் பார்த்து எல்லாரும் ஸ்ட்ரீமிங் பண்ணுங்கன்னு சொல்றது, ஒரு ரஜினி படம் ஓடினதைப் பார்த்து எல்லாரும் படம் எடுங்கன்னு சொல்ற மாதிரி. இணையத்துல உள்ளூர் குழுவுக்கும் பெர்லினுக்கும் ஒரே தூரம். உள்ளூர் குழு கையில இருக்கிற, பெர்லின்கிட்ட இல்லாத ஒரே பொருள், அந்த ஊர்.

அப்புறம் நிகழ்ச்சிகள். 'ஹாரி பாட்டர்' படத்தைத் திரையில ஓட்டி, கீழே ஆர்கெஸ்ட்ரா நேரடியா வாசிக்கிற கச்சேரிகள் இப்ப பல ஊர்ல நிறையுது. வீடியோ கேம் இசைக்கும் அப்படித்தான். தூய்மைவாதிகளுக்குப் பிடிக்கலை. எனக்கு அதுல குறை தெரியல, ஒரு எச்சரிக்கை மட்டும். அது புது ஆளை ஒரு தடவை உள்ளே கூட்டிட்டு வரும். இரண்டாவது தடவை வர வைக்க வேற வேலை செய்யணும். முன்னாடி வருஷ சந்தா மொத்தமாக் கையில வந்துடும், அதை வச்சுத் திட்டம் போடலாம். இப்ப மக்கள் கடைசி வாரத்துல ஒரு டிக்கெட் வாங்குறாங்க. வருமானம் வந்தாலும், அது எப்ப வரும்னு தெரியாம ஓடுது.

மினசோட்டாவும் பூட்டுக்கு அப்புறம் மாறினது. வான்ஸ்காவைத் திரும்பக் கூப்பிட்டாங்க. திட்டமிடுறதுல கலைஞர்களுக்கு இடம் கிடைச்சது. 2015ல் கியூபா, 2018ல் தென்னாப்பிரிக்கான்னு பயணம் போனாங்க. அதே ஊர், அதே கலைஞர்கள். உட்கார்ந்து பேசின விதம்தான் வேற.

சாம்பிளும் ஏஐயும்

என் துறை பண்ற சேதத்தையும் சொல்லணும். 2019ல் ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோட ஒவ்வொரு கருவியையும் பதிவு பண்ணி ஒரு சாம்பிள் தொகுப்பா வெளியிட்டது. இனி ஒரு இசையமைப்பாளர் லேப்டாப்ல அந்தச் சத்தத்தைக் கீபோர்டுல வாசிச்சுக்கலாம். கலைஞர் ஒரு தடவை வாசிச்சார், பயன்பாடு ஆயிரம் தடவை. சென்னை ஸ்டுடியோக்கள்ல இந்த மாற்றம் முன்னாடியே வந்தாச்சு. ஐம்பது வயலின் உட்கார்ந்த இடத்துல கீபோர்டு வந்தது. நிஜ ஆர்கெஸ்ட்ரா வேணும்னா புடாபெஸ்ட் மாதிரி ஊருக்குப் போறாங்க. இளையராஜாவோட 2005 'திருவாசகம்' ஆல்பத்துல வாசிச்சது புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராதான்.

விளம்பரம், சீரியல், குறைஞ்ச பட்ஜெட் படம், இந்தப் பின்னணி வேலைகளை மெஷின் எடுத்துக்கும். அது சின்ன விஷயம் இல்ல. பெரிய மேடைக்குக் காத்திருக்கிற கலைஞர் வாடகை கட்டினது அந்த வேலையிலதான். அதனால ஒலிப்பதிவு ஒப்பந்தத்துல, இந்தப் பதிவை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம், மறுபயன்பாட்டுக்கு எவ்வளவுன்னு எழுதி வாங்குறது இனிமே ஸ்வரம் சுத்தமா வாசிக்கிற அளவுக்கு முக்கியம்.

அப்ப, இதை வேலையா எடுக்கலாமா?

கோயம்புத்தூர்ல பன்னிரண்டாவது படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார். எட்டு வருஷமா மேற்கத்திய வயலின் கத்துக்கிறார். வெளிநாட்டுல இசைக் கல்லூரிக்குப் போகலாமா, இல்ல இன்ஜினியரிங் சேர்ந்துட்டு வயலினை பொழுதுபோக்கா வச்சுக்கலாமா? வீட்ல கடன் வாங்கித்தான் அனுப்பணும்.

தம்பி, "முதல்ல இன்ஜினியரிங் முடி"ன்னு சொல்றது எனக்குச் சுலபம், நான் அப்படி முடிச்சவன்தான். ஆனா அது உங்க கேள்விக்குப் பதில் இல்ல. நிலவரத்தைச் சொல்றேன், முடிவை நீங்க எடுங்க.

ஒரு நல்ல ஆர்கெஸ்ட்ராவுல ஒரு நாற்காலி காலியானா நூறு பேருக்கு மேல விண்ணப்பிப்பாங்க. சொந்தக் காசுல விமானம் ஏறி வந்து, திரைக்குப் பின்னாடி நின்னு, பத்து நிமிஷம் வாசிப்பாங்க. ஷூ சத்தத்துல ஆணா பெண்ணான்னு தெரியக் கூடாதுன்னு கம்பளம் விரிச்சிருப்பாங்க. இந்தத் திரை 1970கள்ல இருந்து பரவினது. அமெரிக்காவோட முதல் ஐந்து ஆர்கெஸ்ட்ராக்கள்ல 1970ல் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்த பெண்கள், 1990களின் இறுதியில 25 சதவீதம் ஆனாங்க. அதுல திரைக்கு ஒரு பங்கு உண்டுன்னு கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் 2000ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. தேர்வாகி உள்ளே போனாலும் ஒன்றிரண்டு வருஷம் தகுதிகாண் காலம். சில நேரம், இறுதிச் சுற்று வரைக்கும் நடத்திட்டு யாரையும் எடுக்காம அனுப்பிடுவாங்க.

ஜெயிச்சா? நியூயார்க் பில்ஹார்மோனிக்ல 2024 ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் மூணு வருஷத்துல 2,05,000 டாலருக்குப் போகுது. சான் அன்டோனியோவுல 35,000 இருந்தது. ரெண்டு இடத்துக்கும் பயிற்சி கிட்டத்தட்ட ஒண்ணுதான். நடுவுல எங்கேயும் நாற்காலி கிடைக்காதவங்க, மூணு நாலு சின்ன ஆர்கெஸ்ட்ராவுல மாறி மாறி வாசிச்சு, கார்லயே வாழ்றாங்க. கலிபோர்னியாவுல அதுக்குச் செல்லப் பேரே 'ஃப்ரீவே பில்ஹார்மோனிக்'. 2020 ஏப்ரல்ல இருந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா கலைஞர்களே கிட்டத்தட்ட ஒரு வருஷம் சம்பளம் இல்லாம இருந்தாங்க. உச்சியில இருக்கிற வேலைக்கும் அவ்வளவுதான் உத்தரவாதம்.

அதனால மூணு விஷயம் யோசிங்க. ஒண்ணு, கடன். இந்தத் தொழில்ல முதல் பத்து வருஷம் வருமானம் சீரா வராது. மாதத் தவணை மட்டும் சீரா வரும். முழு உதவித்தொகையோட இடம் கிடைச்சா போங்க. ஜெர்மனியில பல மாநிலங்கள்ல அரசு இசைக் கல்லூரிக்குக் கட்டணம் மிகக் குறைவு, அதையும் பாருங்க. பெரிய கடன்ல போறதா இருந்தா, வேண்டாம்னுதான் நான் சொல்வேன். திறமை போதாதுன்னு இல்ல. கடன் உங்களைக் கிடைச்ச வேலைக்கு எல்லாம் தலையாட்ட வைக்கும்.

ரெண்டு, இசைக்குள்ளேயே ரெண்டாவது கை. சொல்லிக் கொடுக்கிறது, இசையை ஏற்பாடு பண்ணி எழுதறது, ஒலிப்பதிவு, நாலு பேர் குழு நடத்தறது. இதுல ஏதாவது ஒண்ணு வயிறாற வேணும். லண்டன்ல நாற்காலி கிடைச்சவங்களே இப்படித்தான் வாழ்றாங்க. இதைத் தோல்வின்னு நினைக்காதீங்க, தொழிலோட இயல்பே இது.

மூணு, எந்தக் குழுவுல சேர்ந்தாலும் கணக்கைக் கேளுங்க. பள்ளத்தை யார் நிரப்புறாங்க? ஒரே ஒரு செல்வந்தரா, ஆயிரம் சின்ன நன்கொடையாளரா? முடிவெடுக்கிற மேஜையில கலைஞர் உட்கார்ந்திருக்காங்களா? ஆடிஷன் கடினமா இருந்தா மட்டும் அது நல்ல இடம்னு அர்த்தம் இல்ல.

சென்னைக்கு ஒண்ணு வேணும்னா

நம்மகிட்ட விதை இருக்கு. 2008ல் ஏ.ஆர்.ரஹ்மான் ஆரம்பிச்ச கேஎம் இசைக் கல்லூரி இருக்கு, வசதி குறைஞ்ச பிள்ளைகளுக்குப் பயிற்சி தர்ற சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா இருக்கு. வாசிக்க ஆள் உருவாகிட்டிருக்காங்க. இல்லாதது, அவங்களுக்கு மாசம் பிறந்தா சம்பளம் போடுற ஏற்பாடு. தொண்ணூறு நாற்காலியோட ஆரம்பிச்சா பாமல் வாசல்லயே காத்திருப்பார். இருபது, முப்பது பேரோட, ஒரு ஊரோட பள்ளிகளோட சேர்ந்து, கலைஞர்களுக்கு ஓட்டு இருக்கிற அமைப்பா ஆரம்பிச்சா வளர இடம் உண்டு.

பாமல் பத்திப் பேசறவங்க பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திடுவாங்க. அவர் 2017ல் இறக்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2012ல் இதே செலவு நோய் பத்தி இன்னொரு புத்தகம் வெளியிட்டார். அதுல முக்கியமான வாதம் நம்பிக்கையானது. மத்த துறைகள்ல உற்பத்தித் திறன் ஏறுறதாலதான் கச்சேரி விலை கூடுற மாதிரித் தெரியுது. அதே ஏற்றத்தாலதான் சமூகம் மொத்தமாப் பணக்காரன் ஆகுது. போன், டிவி, சர்வர் எல்லாம் மலிவாகி மிச்சம் பிடிச்ச காசு நம்ம கையிலதான் இருக்கு. கச்சேரி கட்டுப்படியாகாதுன்னு கணக்கு சொல்லல. செலவு பண்ண மனசு இருக்கான்னு கேட்குது.

அரை மணி நேர இசைக்குத் தொண்ணூறு பேர் வேணும்னா தொண்ணூறு பேர் வேணும். அதைக் குறைக்க என் துறை ஆயிரம் வழி கண்டுபிடிக்கும். எதைக் குறைக்க வேண்டாம்ங்கிறதை நாமதான் சொல்லணும், டிக்கெட் வாங்கியோ, வரிப் பணத்துல பங்கு கேட்டோ, நம்ம ஊர் குழுவுக்கு மாசம் நூறு ரூபாய் கொடுத்தோ.

அடுத்த எபிசோட்ல ஒலிப்பதிவு ஒப்பந்தங்களையும் ராயல்டியையும் தனியாப் பிரிச்சுப் பேசலாம். ஸ்டுடியோவுல வாசிக்கிற நண்பர்கள் இருந்தா உங்க கேள்விகளை எழுதி அனுப்புங்க.